பின்னாடி ஆள் துரத்தும்போது பந்தோட ஓடுறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 11 வயசுக்கு உட்பட்ட பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தர்றேன் சார். கூம்பு மாதிரி இருக்கற பிளாஸ்டிக் கோனை வரிசையா வச்சு ஓட விட்டா எல்லாரும் பிரமாதமா ஓடுறாங்க. மேட்ச்ல பின்னாடி ஒருத்தன் ஓடிவர்ற சத்தம் கேட்டாலே போதும், ஒண்ணு பந்தை எங்கயாவது உதைச்சு விட்டுடுறாங்க, இல்லனா பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க. நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்: கோன் யாரையும் துரத்தாதுங்க. நீங்க பழக்கினது பந்தோட ஓடுறதை மட்டும்தான், ஆள் துரத்தும்போது பந்தோட ஓடுறதை அவங்க பிராக்டிஸ்ல பார்த்ததே இல்ல, அப்புறம் மேட்ச்ல எப்படி வரும். அதனால நாளைக்கே கோனை ஓரத்துக்கு எடுத்துட்டு ரெண்டு ரெண்டு பேரா நிறுத்துங்க. 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்துல ஒரு பாதை போட்டுக்கோங்க. முன்னாடி நிக்கிறவன்கிட்ட பந்து, துரத்துறவன் 2 மீட்டர் பின்னாடி. விசில் அடிக்காதீங்க, பந்து வச்சிருக்கவன் முதல் டச் வச்ச உடனே துரத்துறவன் கிளம்பணும், அவ்வளவுதான். கடைசி கோட்டுல பந்தை காலுக்கு அடியில நிறுத்தினா ஒரு பாயிண்ட். முதல் வாரம் காலை விட்டு பந்தைப் பறிக்கிற டேக்கிள் வேண்டாம், தோளைத் தொட்டாலே அவுட்னு வைங்க, பயம் கொஞ்சம் கொஞ்சமா தெளியும். அப்புறம் இடைவெளியை 1 மீட்டர் ஆக்குங்க, அதுக்கப்புறம் பக்கவாட்டுல இருந்து துரத்த விடுங்க.

இப்ப முதல் டச்சை மட்டும் குனிஞ்சு உத்துப் பாருங்க. தடுமாறுற பையன் பந்தை பாதத்தோட உள்பக்கத்தால சின்னதா தட்டுவான், பந்து காலடியிலயே கிடக்கும், அடுத்த அடி வைக்கவே இடம் இருக்காது, உடம்பு நின்னுடும், துரத்துறவன் வந்துடுவான். நல்லா ஓடுறவன் பாதத்தைக் கீழ சாய்ச்சு, ஷூ லேஸ் இருக்கற மேல்பக்கமோ சுண்டுவிரல் பக்கமோ பட்டு பந்து முன்னாடி உருளற மாதிரி தள்ளுவான், ஓடுற ஓட்டத்துலயே கால் பந்துல படும், தனியா ஒரு உதை இருக்காது. முன்னாடி இடம் காலியா இருந்தா பெரிய டச், ஆள் நெருங்கினா குட்டி குட்டி டச். இதை வாயால சொல்லிப் புரியவைக்க முடியாது, 20 மீட்டரை எத்தனை டச்ல ஓடினேன்னு அவனையே எண்ணச் சொல்லுங்க, 12 டச் வச்சவன் அடுத்த தடவை 7-ல ஓடிப் பார்த்தா வித்தியாசம் அவனுக்கே தெரியும்.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய கோச்சுங்க சொல்லித்தர்றதே இல்ல. துரத்துறவன் வலது பக்கமா நெருங்கினா பந்து இடது கால்ல இருக்கணும், நடுவுல நம்ம உடம்பு. ஒரு ஆளைத் தாண்டின உடனே நேரா ஓடாம அவனோட ஓட்டப் பாதைக்குக் குறுக்கா ஒரு டச் வைக்கணும். அப்படி வச்சா அவன் சுத்தி வரணும், இல்லனா ஃபவுல் பண்ணணும், வேற வழியே கிடையாது. 2019 டிசம்பர்ல இங்கிலாந்து கிளப் டாட்டன்ஹாமுக்காக தென் கொரிய வீரர் சன் ஹியுங்-மின் பர்ன்லி கிளப்புக்கு எதிரா தன்னோட பெனால்டி பாக்ஸ் பக்கத்துல இருந்து ஓடிப் போட்ட கோல், அதுக்குச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா குடுக்கற புஷ்காஷ் விருது 2020-ல கிடைச்சது, அதைப் பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, கோலை விட்டுட்டு ஒவ்வொரு டச்சும் எவ்வளவு தூரம் போகுதுன்னு பார்க்கச் சொல்லுங்க.

தலை நிமிர்ந்து ஓடறதுக்கு எதிர்ல நின்னு விரலைக் காட்டுங்க, ஓடிக்கிட்டே எத்தனைன்னு அவன் கத்தணும். டச் வச்சதும் நிமிரணும், அடுத்த டச்சுக்கு மட்டும் பார்வை கீழ வரணும்.

கேள்வி: என் பையனுக்கு 10 வயசு, 5-ம் நம்பர் பந்துலயே பழகறான். மாத்தணுமா?

பதில்: மாத்துங்க. 8-ல இருந்து 12 வயசு வரைக்கும் 4-ம் நம்பர்தான் சரி. சின்ன காலுக்குப் பெரிய பந்து கனமா இருக்கும், மேல சொன்ன லேஸ் டச் வரவே வராது.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு. பந்து கிடைச்சா தனியாவே ஓடி பறிகொடுத்துடுறா. வெளிய நிக்கற பெரியவங்க எல்லாம் பாஸ் பாஸ்னு கத்துறாங்க, வீட்டுக்கு வந்து அழறா. ஓடாதேன்னு சொல்லிடவா?

பதில்: தயவுசெஞ்சு சொல்லிடாதீங்கம்மா. ஆள் வரும்போதும் பந்தை வச்சுக்கிட்டு ஓடணும்னு தோணுதே, அந்தத் துணிச்சலை பின்னாடி எந்த கோச்சாலயும் ஊட்ட முடியாது, பாஸை எப்ப வேணா கத்துக்கலாம். 9 வயசுல பத்து தடவை ஓடி ஏழு தடவை பறிகொடுத்தா அது ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல. கத்துறவங்களால இன்னொரு கெடுதலும் இருக்கு, அவ நிமிர்ந்து பார்த்து முடிவெடுக்கற அந்த அரை செகண்டை அவங்க பிடுங்கிடுறாங்க. கோச்கிட்ட தனியா பேசி வெளிய இருந்து யாரும் கத்த வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க, 4 பேருக்கு 4 பேர் ஆட்டம் நிறைய வைக்கச் சொல்லுங்க, அதுல பந்தும் அடிக்கடி வரும், ஆளும் நெருக்கும். கோலுக்குப் பதிலா எதிர் கோட்டைப் பந்தோட தாண்டினா பாயிண்ட்னு வச்சா இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் ஏன் விட்டேன்னு கேக்காதீங்க, பந்து போன அந்த நேரத்துல உன் முன்னாடி இடம் இருந்துச்சா, இல்ல ஆள் இருந்தாங்களான்னு மட்டும் கேளுங்க. முதல்ல தெரியலைன்னுதான் சொல்லுவா. விடுங்க, அடுத்த மேட்ச் முடிஞ்சதும் திரும்பக் கேளுங்க.