வாசகர் கேள்வி–பதில்: லினக்ஸில் திருத்தம் நிறுவியாயிற்று, நடைமுறைக்கு வந்ததா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் கணினிகளின் புதுப்பிப்புகளையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் பற்றியே இருந்தமையால், இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: உபுண்டு கணினியைத் தொடங்கியவுடன் புதுப்பிக்க முயன்றால், மென்பொருள்களை நிறுவும் அடிப்படை நிரலான டிபிகேஜியின் பூட்டைப் பெற முடியவில்லை என்ற பிழை வருகிறது. பூட்டுக் கோப்பை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று இணையத்தில் பலர் சொல்கிறார்கள். அழிக்கலாமா?

பதில்: அழிக்க வேண்டாம். பொதிகளின் (நிறுவுவதற்காகக் கட்டித் தரப்படும் மென்பொருள்களின்) தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பூட்டு இருக்கிறது. அந்தக் கோப்பு எப்போதும் அங்கேயேதான் இருக்கும். கோப்பு இருப்பதால் பூட்டியிருக்கிறது என்று பொருளல்ல. பூட்டை வைத்திருப்பது இயங்குதளத்தின் மையமான கர்னல். பூட்டைப் பெற்ற நிரல் முடிந்தாலும், இடையில் செத்தாலும், கர்னல் அதைத் தானாகவே விடுவித்துவிடும். எனவே 'பழைய பூட்டு அப்படியே தங்கிவிட்டது' என்னும் விளக்கத்துக்கு இங்கே இடமில்லை. பூட்டு இருக்கிறதென்றால் அதைப் பிடித்திருக்கும் நிரல் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கோப்பை அழித்தால், அடுத்து வரும் நிரல் புதிய கோப்பொன்றை உருவாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். பிறகு இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் எழுதத் தொடங்கும்.

உங்கள் கணினியில் பூட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' என்னும் தானியங்கிப் புதுப்பிப்பு நிரலாக இருக்கும். கணினி நெடுநேரம் அணைந்திருந்து மீண்டும் தொடங்கியதும், விடுபட்ட வேலையை அது பின்னணியில் செய்யத் தொடங்கிவிடுகிறது. பொதிகளைப் பெற்று டிபிகேஜி மூலம் நிறுவும் ஏபிடி நிரலின் அண்மைக்காலப் பதிப்புகளில் பிழைச் செய்தியிலேயே அந்த நிரலின் பெயரும் செயல்முறை எண்ணும் இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். உண்மையிலேயே வேலை நடுவில் மின்சாரம் போய்விட்டிருந்தால், கணினி மீண்டும் வந்த பிறகு 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளை பாதியில் நின்ற பொதிகளை முழுமையாக்கும். அதன் பிறகும் சார்புகள் (ஒரு பொதி ஓடத் தேவையான பிற பொதிகள்) குறைவதாகச் செய்தி வந்தால் 'சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' போதும்.

கேள்வி: எங்கள் அலுவலகச் சர்வரில் டெபியன் 12 இருக்கிறது. தொலைவிலிருந்து உள்நுழைவதற்காக அதிலுள்ள ஓபன்எஸ்எஸ்எச் 9.2 பழைய பதிப்பு என்றும், அதில் சிவிஇ-2024-6387 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் அடையாள எண்) என்ற ஓட்டை இருப்பதால் 9.8-க்கு மாற்ற வேண்டும் என்றும் பாதுகாப்பு ஆய்வு மென்பொருள் அறிக்கை தருகிறது. ஏபிடியோ புதுப்பிப்பதற்கு எதுவுமில்லை என்கிறது. மூலநிரலைப் பெற்று நாங்களே தொகுத்து நிறுவிவிடலாமா?

பதில்: அறிக்கை சொல்லும் ஓட்டை கற்பனையன்று. 2024 ஜூலை 1 அன்று வெளியான அது 'ரெக்ரெஷன்' என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. 2006-இல் அடைக்கப்பட்ட ஒரு குறை, 8.5பி1 பதிப்பில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தால் மீண்டும் திறந்துகொண்டது. கடவுச்சொல்லே இல்லாத ஒருவர் வெளியிலிருந்து கணினியின் முழு நிர்வாக (ரூட்) அதிகாரத்தைப் பெறும் வாய்ப்பு அதில் இருந்தது. ஓபன்எஸ்எஸ்எச் குழுவினர் 9.8பி1 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். ஆய்வு மென்பொருள் இந்த அளவில் நின்றுவிட்டது.

டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் நிலையான பதிப்புகளில் வழக்கம் வேறு. ஒரு பதிப்பு வெளியான பிறகு அதன் ஆயுட்காலம் முழுவதும் மென்பொருள்களின் முதன்மை எண்ணை அவர்கள் கூடியவரை மாற்றுவதில்லை. மாற்றினால் புதிய வசதிகளும் புதிய நடத்தைகளும் சேர்ந்து வரும். அவற்றை நம்பி ஓடும் வேறு நிரல்கள் தடுமாறும். ஆகையால் ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தி, பொதியின் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஒட்டைச் சேர்த்து வெளியிடுகிறார்கள். டெபியன் 12-இல் மேற்சொன்ன திருத்தம் 9.2பி1-2+டெப்12யு3 என்ற எண்ணுடன் வந்தது. முன்னாலுள்ள 9.2 மாறவில்லை. கடைசியில் உள்ள யு3-தான் செய்தி.

சரிபார்ப்பது எளிது. 'டிபிகேஜி -எல் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' என்று கொடுத்தால் முழு எண்ணும் தெரியும். அது யு3 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்தால் இந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. 'ஏபிடி சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' என்னும் கட்டளை மாற்றக் குறிப்புகளைக் காட்டும். அதில் சிவிஇ எண்ணைத் தேடிப் பாருங்கள். ரெட் ஹாட் குடும்பத்தில் 'ஆர்பிஎம் -கியூ --சேஞ்ச்லாக்' அதே வேலையைச் செய்யும். வெளியிலிருந்து சர்வரின் இணைப்புத் துறையை (போர்ட்) தட்டிப் பார்க்கும் ஆய்வு மென்பொருள்கள், சர்வர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவதே இத்தகைய அறிக்கைகளுக்குக் காரணம். டெபியனின் அறிமுக வரியில் அந்த ஒட்டும் சேர்ந்தேதான் இருக்கிறது. இருந்தும் அதைப் பொருட்படுத்தாத மென்பொருள்கள் உண்டு. கணினிக்குள் நுழைந்து பொதிப் பட்டியலைப் படிக்கும் வகையில் ஆய்வை அமைத்தால் இந்தத் தவறான எச்சரிக்கைகளில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

நீங்களே தொகுத்து நிறுவுவது இன்றைய அறிக்கையை வேண்டுமானால் பச்சையாக்கும். ஆனால் அன்றிலிருந்து அந்த நிரல் ஏபிடியின் பார்வைக்கு வெளியே போய்விடும். அடுத்த ஓட்டைக்கான திருத்தம் தானாக வந்து சேராது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். தணிக்கையாளருக்கு மாற்றக் குறிப்பின் நகலைக் கொடுப்பதே நல்லது.

கேள்வி: லினக்ஸில் புதுப்பிப்புக்குப் பின் மறுதொடக்கம் தேவையில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியிருக்க, மறுதொடக்கம் செய்யுமாறு சொல்லும் அறிவிப்பு எதற்காக வந்துகொண்டே இருக்கிறது?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி சரி. புதுப்பிப்பை நிறுவுவதற்கு மறுதொடக்கம் தேவையில்லை. நிறுவியது நடைமுறைக்கு வருவதற்குத்தான் சில வேளைகளில் அது தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால், மாதக்கணக்கில் திருத்தப்பட்டதாக நம்பப்படும் சர்வர்கள் திருத்தப்படாமலேயே ஓடுகின்றன.

காரணம் இதுதான். ஒரு நிரல் தொடங்கும்போது தனக்கு வேண்டிய நிரலகக் கோப்புகளை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளை) நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு ஏபிடி புதிய கோப்பை வட்டில் எழுதி, பழைய பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறது. பழைய கோப்பின் பெயர்தான் போயிற்று. அதைப் பிடித்திருக்கும் நிரல் ஓடும்வரை அதன் உள்ளடக்கம் வட்டில் இருந்துகொண்டேயிருக்கும். 'சூடோ எல்எஸ்ஓஎஃப்' கட்டளையின் பட்டியலில் 'டெல்' என்று குறிக்கப்பட்ட வரிகளைத் தேடுங்கள். அங்கே லிப்எஸ்எஸ்எல் (மறைகுறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் நிரலகம்) என்ற பெயரும் அதற்கு நேரே உங்கள் வலைச் சர்வரின் பெயரும் இருந்தால், வட்டில் புதிய நிரலகம் இருக்கிறது, வாசகர்களுக்குப் பக்கங்களை வழங்குவதோ பழைய நிரலகம் என்று பொருள்.

2014 ஏப்ரல் 7 அன்று வெளியான 'ஹார்ட்பிளீட்' ஓட்டையின்போது இது வெளிப்படையாகத் தெரிந்தது. டெபியன் குழு அன்றே ஓபன்எஸ்எஸ்எல் திருத்தத்தை வெளியிட்டது. நிறுவினால் மட்டும் போதாது என்பதால், உடனேயே அந்தத் திருத்தத்தின் மறுபதிப்பு ஒன்றையும் வெளியிட்டது. ஓட்டையில் புதிதாக எதையும் அடைப்பதற்கன்று. ஓபன்எஸ்எஸ்எலைப் பயன்படுத்தும் சேவைகளைத் தேடிப் பார்த்து, அவற்றை மறுதொடக்கம் செய்யுமாறு நிறுவும்போதே கேட்பதற்காக.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது: நிரலகம் மட்டும் மாறியிருந்தால் அதைப் பயன்படுத்தும் சேவைகளை 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட்' மூலம் மறுதொடக்கம் செய்தால் போதும். 'நீட்ரீஸ்டார்ட்' என்னும் பொதியை நிறுவிக்கொண்டால் எந்தெந்தச் சேவைகள் என்பதை அதுவே பட்டியலிடும். கர்னல் மாறியிருந்தால் கணினியை மறுதொடக்கம் செய்தே ஆக வேண்டும். ஜிலிப்சி போல எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் நிரலகம் மாறியிருந்தால், ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பதைவிடக் கணினியை மறுதொடக்கம் செய்துவிடுவதே மேல். 'யூநேம் -ஆர்' என்ற கட்டளை இப்போது ஓடும் கர்னலின் எண்ணைத் தரும். நிறுவப்பட்ட புதிய கர்னலின் எண்ணுடன் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெடோரா வழியில் 'டிஎன்எஃப் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் -ஆர்' ஒரே வரியில் விடை சொல்லும். ஓடும் கர்னலிலேயே திருத்தத்தைப் பொருத்தும் 'லைவ்பேட்ச்' ஏற்பாடுகள் உள்ளன. அவை மறுதொடக்கத்தைச் சில காலம் தள்ளிப்போட உதவுமே தவிர, முற்றிலும் நீக்கிவிடா.

கேள்வி: சில பொதிகள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாக ஏபிடி சொல்கிறது. வலுக்கட்டாயமாக நிறுவ வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். உபுண்டு தன் சாதாரணப் புதுப்பிப்புகளை எல்லாருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. பகுதி பகுதியாக விடுகிறது. உங்கள் முறை வரும்போது அவை தாமாக நிறுவப்படும். பாதுகாப்புத் திருத்தங்கள் இப்படிப் பகுதி பகுதியாக விடப்படுவதில்லை என்பதால் கவலை வேண்டாம். மற்றொரு காரணமும் உண்டு: புதிய பொதியை நிறுவ, இருக்கும் பொதி ஒன்றை நீக்க வேண்டியிருந்தால் 'ஏபிடி அப்கிரேட்' அதைச் செய்யாமல் நிறுத்திவிடும். 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்' செய்யும். அதைக் கொடுத்தால், நீக்கப்படவுள்ளவற்றின் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் தெரிவிக்காதீர்கள்.

கேள்வி: கர்னல் புதுப்பிப்பு ஒவ்வொரு முறையும் வட்டில் இடமில்லை என்று தோற்கிறது. ஆனால் வட்டில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.

பதில்: 'டிஎஃப் -எச்' என்று கொடுத்துப் பாருங்கள். பூட் என்ற தனிப் பகிர்வு (வட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதி) ஒன்று நூறு விழுக்காடு நிரம்பியிருக்கும். நிறுவும்போது வட்டை மறைகுறியாக்கத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சிறிய பகிர்வு தனியே அமைந்திருக்கும். ஒவ்வொரு கர்னலும் அங்கே தன் தொடக்கக் கோப்பு ஒன்றை வைக்கிறது. பல வன்பொருள்களுக்கான இயக்கிகளைச் சுமப்பதால் அது எளிதில் பருத்துவிடும்.

முதலில் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுங்கள். பழைய கர்னல்கள் நீங்கும். பகிர்வு முற்றிலும் நிரம்பிய பிறகு, பாதியில் நின்ற புதிய கர்னலை முடிக்க முயன்று இந்தக் கட்டளையும் தோற்கலாம். அப்போது 'யூநேம் -ஆர்' காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதுவல்லாத மிகப் பழைய கர்னல் பொதி ஒன்றை 'டிபிகேஜி --பர்ஜ்' மூலம் நீக்குங்கள். சிறிது இடம் கிடைத்ததும், முதல் கேள்வியின் பதிலில் சொன்ன கன்ஃபிகர் கட்டளை மீதியைப் பார்த்துக்கொள்ளும். பூட் அடைவுக்குள் சென்று கோப்புகளைக் கையால் அழிப்பது கூடாது. பொதி இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி நம்பிக்கொண்டிருக்கும். தொடக்கப் பட்டியலும் இல்லாத கர்னலைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: களஞ்சியத்தின் (பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் இணைய இடத்தின்) வெளியீட்டுக் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறது ஏபிடி. இதற்கு என்ன பொருள்?

பதில்: உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருப்பதாக அதற்குத் தோன்றுகிறது. 'டைம்டேட்சிடிஎல்' கொடுத்துப் பார்த்து, இணைய நேர ஒத்திசைவை இயக்குங்கள். அணைத்துத் தொடங்கும்போதெல்லாம் இப்படி ஆனால் தாய்ப்பலகையின் சிறு மின்கலத்தை மாற்ற வேண்டும். கையொப்பச் சோதனையையே நிறுத்திவைக்கும் குறுக்குவழிகளை மட்டும் நாடாதீர்கள். வருகிற பொதி உண்மையானதுதான் என்பதற்கு உங்களிடமுள்ள ஒரே சான்று அந்தக் கையொப்பம்.

கேள்வி: பழைய சென்ட்ஓஎஸ் 7 சர்வரில், ஏபிடி போலப் பொதிகளை நிறுவும் யம் கட்டளை களஞ்சியத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. முகவரியை 'வால்ட்' தளத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இனிச் சிக்கல் இல்லையல்லவா?

பதில்: பிழைச் செய்தி மட்டுமே நின்றிருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. வால்ட் என்பது பழைய பொதிகளைச் சேமித்து வைத்திருக்கும் காப்பகம். அங்கே புதிய திருத்தம் எதுவும் வந்து சேராது. இப்போது யம் எந்தப் பிழையும் காட்டாமல், புதுப்பிக்க எதுவுமில்லை என்று சொல்லும். பிழை காட்டிக்கொண்டிருந்த நிலையைவிட இது ஆபத்தானது, ஏனெனில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும்.

விடுபட்டுப்போன பொதி ஒன்றை நிறுவிக்கொள்ளவோ, இடம்பெயர்வதற்கு முன் தரவை வெளியே எடுக்கவோ வால்டைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதற்கு மேல் அந்தச் சர்வரை இணையத்துக்கு நேரே திறந்து வைக்காதீர்கள். சென்ட்ஓஎஸுக்கு மாற்றான அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவற்றில் ஒன்றைப் புதிய கணினியில் நிறுவி, சேவைகளை ஒவ்வொன்றாக அங்கே மாற்றுவது, பழையதை இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதைவிடப் பாதுகாப்பானது. தவறினால் பழையது அப்படியே இருக்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு இடத்திலேயே மேம்படுத்தும் வழி இருக்கிறது. ஆனால் 20.04-இலிருந்து நேரே 24.04-க்குத் தாவ முடியாது, இடையில் 22.04-இல் இறங்கி, அங்கே எல்லாம் ஓடுவதைப் பார்த்த பிறகே அடுத்ததற்கு ஏற வேண்டும்.