காலைத் தும்மலுக்கு மெத்தையில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் 6 வயது மகன் தினமும் காலையில் எழுந்ததும் விடாமல் தும்முகிறான். மூக்கு ஒழுகுகிறது, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். பள்ளிக்குப் போனதும் சரியாகிவிடுகிறது. டாக்டர் அலர்ஜி என்று சொல்லி மூக்கு ஸ்ப்ரே கொடுத்திருக்கிறார். வீட்டைத் தினமும் பெருக்குகிறேன். ஏர் பியூரிஃபையர் வாங்கினால் குணமாகுமா? மகள் வளர்க்கும் பூனையைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அவள் அழுகிறாள். என்ன செய்வது? – ஒரு தாய்

பதில்: எழுந்ததும் தும்மல், பள்ளிக்குப் போனதும் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதனால் நான் முதலில் சந்தேகப்படுவது அவன் படுக்கையைத்தான். பியூரிஃபையரையும் பூனையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றிலும் தூசி உண்ணிகள் வாழ்கின்றன. கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணில் படாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றுக்கு உணவு. அவை கடிப்பதில்லை. அவற்றின் கழிவில் உள்ள புரதம்தான் மூக்கையும் கண்ணையும் படுத்துகிறது. இரவு முழுக்க உங்கள் பிள்ளை அதில் முகம் புதைத்துத் தூங்குகிறான். வீட்டில் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும் இவை இருக்கும். ஆகவே உங்கள் மேல் குறை எதுவும் இல்லை, தயவுசெய்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த அலர்ஜி தடுப்பு உறை போடுங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள். அந்தச் சூட்டில் உண்ணிகள் செத்துவிடும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் கழிவு பெருமளவு போகும், ஆனால் உண்ணிகளில் நிறையப் பிழைத்துக்கொள்ளும். அவன் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையைப் பிடுங்க வேண்டாம். சூட்டுத் தண்ணீர் தாங்காத பொம்மை என்றால், ஒரு பையில் கட்டி ஃபிரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு அலசிக் காயவையுங்கள்.

இந்த உண்ணிகள் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழ்கின்றன. அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்க முடிந்தால் அவை காய்ந்து போகும். எல்லா ஊரிலும் அது முடியாது. ஆனால் படுக்கையறைக்குள் ஈரத்துணி காயப்போடாமல் இருப்பதும், குளியலறைக் கதவைச் சாத்தி வைப்பதும், ஒழுகும் குழாயை உடனே சரிசெய்வதும் எந்த ஊரிலும் முடியும். சுவரில் பூஞ்சை படிவதும் இதனால் குறையும்.

பெருக்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலர்ந்த துடைப்பம் படிந்த தூசியைக் காற்றில் கிளப்பிவிடுகிறது. ஈரத்துணியால் துடையுங்கள், அந்த நேரத்தில் மகன் வேறு அறையில் இருக்கட்டும்.

தூசி உண்ணியின் கழிவு கனமானது. சீக்கிரம் கீழே படிந்துவிடும். அதனால் ஏர் பியூரிஃபையர் அதற்குப் பெரிதாக உதவாது. பூனையின் அலர்ஜிப் பொருள் அப்படியில்லை, வெகுநேரம் காற்றில் மிதக்கும். ஆனால் பூனைதான் காரணமா என்று தெரியாமல் அதை அனுப்பாதீர்கள். அது போன பின்பும் அந்தப் பொருள் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும். தோலில் செய்யும் அலர்ஜிப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முடிவு வரும்வரை பூனை படுக்கையறைக்குள் வரக்கூடாது என்று மகளிடம் பேசிப் பாருங்கள், ஒத்துக்கொள்வாள்.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பால்கனியில் நின்று பிடித்தாலும் புகை துணியோடு உள்ளே வரும். கொசுவர்த்திப் புகையும் வேண்டாம், வலை கட்டுங்கள்.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஸ்ப்ரேயை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் இருமல், விளையாடும்போது இளைப்பு, மூச்சு விடும்போது விசில் சத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். மூச்சுவிடத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.