முட்டி அம்மாவுடையதுதானே?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. முட்டி மாற்று ஆபரேஷன் வேண்டுமென்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அம்மா பயப்படுவார். நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: கூடாது. அம்மா தெளிவாக இருக்கும்போது சம்மதம் அவருடையதுதான்; உச்ச நீதிமன்றமே 2008-ல் சொல்லிவிட்டது. நானும் ஒருமுறை என் அம்மாவின் ஸ்கேன் கவரைப் பீரோவில் ஒளித்து வைத்தேன். அவரோ அதை எடுத்துப் பக்கத்து வீட்டு நர்ஸிடம் காட்டி, எல்லாம் தெரிந்துகொண்டிருந்தார்!

சரி, அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போங்கள். அரிவாள்மனை முன்னால் தரையில் உட்கார்ந்து மீன் அரிபவரா? முட்டி மாற்றிய பிறகு அது பெரும்பாலும் கஷ்டம். அதை டாக்டரே அவரிடம் சொல்லட்டும். பயிற்சி, மாத்திரையில் எவ்வளவு நாள் ஓட்டலாம் என்றும் அம்மாவே கேட்கட்டும். பொதுவாக இது அவசர ஆபரேஷன் இல்லை. யோசிக்க ஒரு வாரம் கேட்டதற்கு டாக்டர் கோபித்தால், வேறு டாக்டரைப் பாருங்கள்.