ஈடு வைத்த சொல்

அன்புள்ள ஐயா,

எனக்குத் தை மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டில் இருந்த பழைய ஆங்கில ஜெப புத்தகத்தில் 'ஐ ப்ளைட் தீ மை ட்ரோத்' என்ற வரியைப் படித்து உருகிவிட்டேன். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே அதைப் போட ஆசை. தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'என்கேஜ்மென்ட்' என்பது ஆபீஸ் வார்த்தை மாதிரி வறட்சியாக இருக்கிறது. அந்தக் காலத்தில் கையைப் பிடித்துச் சொன்னாலே போதுமாம். அந்தச் சொற்களில் இருந்த காதல் எங்கே போயிற்று? அவற்றைப் பட்டியலாகத் தருவீர்களா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

முதலில் வாழ்த்துகள் அம்மா. பட்டியல் தரமாட்டேன். நல்ல அகராதியோடு அரைநாள் உட்கார்ந்தால் நீங்களே எழுதிவிடலாம். காதல் எங்கே போயிற்று என்பதையும் விடுங்கள். ஆனால் என்கேஜ்மென்ட் வறட்சி என்கிறீர்களே, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்றால் கல்யாணம் இல்லை, ஈடு. சொன்ன சொல்லுக்குப் பிணையாகக் கொடுத்துவைக்கும் பொருள். அதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சுக்குப் போய் 'கேஜ்' ஆனது, அதிலிருந்து வந்ததுதான் என்கேஜ்மென்ட். நீங்கள் கொண்டாடும் வெட்டிங்கும் ஒதுக்கும் என்கேஜ்மென்ட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வீட்டுக்கடன் பத்திரத்தில் வரும் மார்ட்கேஜும் அதே குடும்பம், 'செத்த ஈடு' என்று அர்த்தம். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலச் சட்டக் குறிப்பு ஒன்று பெண் நிச்சயம் செய்வது பற்றிச் சொல்கிறது. அவளுக்கும் அவள் உறவினருக்கும் சம்மதமானால் என்றுதான் ஆரம்பமே. அப்புறம், அவளை முறையாக வைத்துக்கொள்வேன் என்று மாப்பிள்ளை ஈடு கொடுக்க வேண்டும், அவன் நண்பர்கள் பிணை நிற்க வேண்டும், அவளை வளர்த்ததற்கான கூலி யாருக்கு என்று சொல்ல வேண்டும், அவன் முந்திப் போய்விட்டால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். காதல் என்ற பேச்சே இல்லை, ஆனால் அந்தப் பெண்மேல் எத்தனை அக்கறை பாருங்கள்.

ப்ளைட் என்றால் அவலநிலை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். உங்கள் வரியில் இருப்பது பழைய ஆங்கிலத்துச் சொல், அதன் பொருள் ஆபத்து. ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லுக்குக் கடமை என்று பொருள். ட்ரோத் என்பது ட்ரூத்தின் இன்னொரு வடிவம்தான். ஆக, என் உண்மையை உனக்காக ஆபத்தில் வைக்கிறேன் என்கிறான்.

அகராதியில் இதைப் பார்த்த அன்று எனக்கு அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும். நண்பர் ஒருவர் வாங்கிய கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். திண்ணையில் உட்கார்ந்து, முழங்கால்மேல் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு, மூன்று இடத்தில். மூன்றாவது இடத்தில் பேனா எழுதவில்லை. உதறினார், சிமெண்ட் தரையில் வரிசையாக நீலப் பொட்டுகள் விழுந்தன. அடுத்த வருஷம் அந்த நண்பர் ஊரிலேயே இல்லை. அம்மாவின் வளையல்கள் நான்கும் போயின, அதற்கு மேலும் ஆறு வருஷம் கட்டினோம். "ஏன் போட்டீங்க?" என்று அம்மா கேட்டபோதெல்லாம் அப்பா சொன்னது ஒன்றுதான்: "போடறேன்னு சொல்லிட்டேனே." எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் உண்டு. அந்த மைப் பொட்டுகளை அம்மா எத்தனை தேய்த்தும் போகவில்லை, வீட்டை விற்கும்வரை அங்கேயே இருந்தன.

கையைப் பிடித்துச் சொன்னாலே போதும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? 1604இல் லண்டன் சில்வர் தெருவில், ஷேக்ஸ்பியர் குடியிருந்த வீட்டுக்காரரின் மகளுக்கும் அங்கே தொழில் பழகிய இளைஞனுக்கும் கல்யாணம் நடந்தது. பேச்சை முடித்து, கைகொடுக்க வைத்து நிச்சயம் செய்தவரே ஷேக்ஸ்பியர்தான் என்று பின்னால் சாட்சி சொன்னார்கள். பேசிய சீதனம் வரவில்லை என்று மருமகன் வழக்குப் போட்டான். 1612இல் ஷேக்ஸ்பியரே சாட்சி சொன்னார், எவ்வளவு தருவதாகப் பேசினார்கள் என்பது நினைவில்லை என்றார்! ஈடு வைக்காத சொல்லுக்கு இதுதான் கதி. இங்கிலாந்தில் கொடுத்த கல்யாண வாக்கை மீறினால் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் உரிமை 1970 வரை இருந்தது. சும்மாவா வைத்திருந்தார்கள்?

சரி, அழைப்பிதழ். புத்தகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். 1549இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அது மாப்பிள்ளை சொல்லும் வரி. பெண் சொல்வது 'ஐ கிவ் தீ மை ட்ரோத்', தருகிறேன் என்று மட்டும். எனவே அந்த வரியை அவர் பெயருக்குக் கீழே போடுங்கள்: 'என் சொல்லை உனக்கு ஈடு வைக்கிறேன்.' அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவரை உட்காரவைத்து அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.