பிழை உங்கள் கையில் இல்லை, சாமானில்தான்

கேள்வி: வீடு திருத்தியபோது மிஞ்சிய யன்னல் கண்ணாடித் துண்டுகளில் அக்ரிலிக் பெயின்றால் பூ வரைந்தேன். இணையத்தில் வாங்கிய நிறக் கண்ணாடியை மேலே வைத்து, மட்பாண்டம் செய்யும் தோழியின் மின்சூளையில் உருக்கி ஒட்டினேன். பூக்கள் மறைந்துவிட்டன. இரண்டு நாளில் அந்தக் கழுத்துப் பதக்கங்கள் தாமாகவே வெடித்தன. நல்லூர்த் திருவிழாவுக்கு விற்க நினைத்திருந்தேன். விட்டுவிடட்டுமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, விடவேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில், சூளைக்குப் போகுமுன் முருங்கைப் பூவின் இதழ்களை ஒற்றை இழுப்பில் வரைந்திருக்கிறீர்கள். அந்தக் கை எல்லாருக்கும் வாய்க்காது.

முதலில் வெடிப்பைப் பார்ப்போம். சூட்டில் கண்ணாடி விரியும், ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பது கண்ணாடிக்குக் கண்ணாடி வேறுபடும். இந்த வேலை செய்வோர் அதை ஓர் எண்ணால் குறிப்பார்கள்: யன்னல் கண்ணாடிக்கு ஏறத்தாழ 85, உருக்கு வேலைக்கென்று விற்கும் நிறக் கண்ணாடிகளுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96. உருகி ஒட்டும்போது வித்தியாசம் தெரியாது. ஆறும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், மற்றது விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கி, நாள் கழித்தும் வெடிக்கும். அதனால் ஒரு பதக்கத்துக்கு ஒரே இனக் கண்ணாடிதான். நிறக் கண்ணாடியை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு, யன்னல் கண்ணாடியில் மட்டும் பழகுங்கள் என்பேன். கண்ணாடிக் கடையில் வெட்டி எறியும் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம், பழுதானாலும் மனம் நோகாது. ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகளையே சோடி சேருங்கள். இரண்டு வீட்டு யன்னல்கள் ஒன்றுபோல இருக்கும் என்றில்லை.

பூ மறைந்ததற்குக் காரணம் சின்னது. அக்ரிலிக் ஒரு வகைப் பிளாஸ்ரிக், சூளைச் சூட்டில் எரிந்துபோகும். உங்களுக்கு வேண்டியது கண்ணாடிக்கென்றே வரும் எனாமல் தூள், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடியோடு ஒட்டும் நிறத் தூள். ஈயம் இல்லை என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள், குழைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். தண்ணீரும் துளி வேலம்பிசினும் விட்டுக் குழைத்தால் தூரிகையில் வடிவாக ஓடும். மெல்லியதாகப் பூசுங்கள். தடித்தால் குமிழ் வரும்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வரைவதையும் தள்ளிப்போடுங்கள். சரியாகக் காயாத நிறத்திலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் குமிழாக நின்றுவிடும். முதலில் இரண்டு வெறும் துண்டுகளை உருக்கி ஒன்றாக்குங்கள். அந்த வழுவழுப்பான முகத்தில் வரைந்து, எனாமல் போத்தலில் சொல்லியிருக்கும் குறைந்த சூட்டில் மறுபடி சுடுங்கள். வேலை இரட்டிப்புத்தான். ஆனால் உங்களுடையதைப் போன்ற மெல்லிய கோடுகள் கலையாமல் நிற்கும்.

சுடுவதில்தான் பொறுமை வேண்டும். வெறும் துண்டுகளை ஒன்றாக்கும் முதல் சூட்டுக்கு, மணிக்கு 150 பாகை வீதம் 540 பாகை செல்சியஸ் வரை ஏற்றி, பிறகு 820 அளவுக்குக் கொண்டுபோய் பத்து நிமிடம் வையுங்கள். இறங்கும்போது 540 அளவில் ஒரு மணிநேரம் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்வது அப்போதுதான். அதன்பின் மணிக்கு 80 வீதம் 370 வரை இறக்கிவிட்டு, சூளையை அணைத்துத் தானாக ஆறவிடுங்கள். சூளைக்குச் சூளை சற்று மாறும், தோழியோடு இருந்து குறித்து வையுங்கள். இடையில் கரண்ட் போனாலும் மூடியைத் திறக்கவே வேண்டாம். அப்படியே ஆறவிட்டு இன்னொரு முறை சுடலாம். பேக்கரிப் போறணையில் செய்யலாமா என்று யாரும் கேட்டால், அந்தச் சூடு இதற்குக் காணாது.

தோடு செய்ய ஆசைப்படுவீர்கள், கவனம். 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டு சேர்ந்த 2 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஏறத்தாழ 6 கிராம். காது இழுபடும். 1 சென்ரிமீற்றர்ச் சதுரம் என்றால் 1.5 கிராம்தான். கொக்கி ஒட்டும் இடத்தை ஈரமாக வைத்து உரைதாளால் தேயுங்கள், காய்ந்த கண்ணாடித் தூள் நெஞ்சுக்குக் கூடாது. பிறகு இரண்டு குழாயிலிருந்து கலக்கும் எபொக்சிப் பசை போடுங்கள்.

இந்த நல்லூருக்கு விற்கவேண்டாம். கழுத்தில் இருக்கும்போது வெடித்தால் வாங்கியவருக்குத்தான் காயம். ஒரு மாதமாவது வைத்துப் பார்த்து வெடிக்காததை, திருவிழா 25 நாளும் நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். வெயிலிலும் வியர்வையிலும் பசை பிடிக்கிறதா என்று தெரியும். எந்தப் பூவைப் பார்த்து “எங்கே வாங்கினது?” என்று கேட்கிறார்களோ அதை எழுதி வையுங்கள், அடுத்த வருடம் அதையே கூடுதலாகச் செய்யலாம்.