ஹேட்ச் மூட்டையும் எண்ணெய் ஜாடியும்

கேள்வி: டெக்சஸில் பிரிஸ்கோவில் இருக்கிறோம். விடுமுறைக்கு நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே போனபோது ஒரு கடையில், சுட்ட பச்சை மிளகாய் போட்டு வைக்கும் கிரீன் சில்லி ஸ்டூ சாப்பிட்டோம். பிள்ளைகள் இன்னும் அதையே பேசுகிறார்கள். ஊர் திரும்பியதும், 'ஹேட்ச் சில்லி' என்று போர்டு வைத்துப் பார்க்கிங் லாட்டில் விற்ற ஒரு வேனில் 25 பவுண்டு மூட்டை வாங்கி, அங்கேயே சுடச் சொல்லி எடுத்து வந்தேன். குழாயடியில் காட்டித் தோலுரித்து, கோழி போட்டு ஸ்டூ வைத்தேன். கசந்தது, நீர்த்துப்போனது, காரமும் இல்லை. கரம் மசாலா போட்டுப் பார்த்தும் தேறவில்லை. மீதிச் சில்லியைப் பூண்டு, உப்பு சேர்த்து, மூழ்க நல்லெண்ணெய் ஊற்றி மூன்று ஜாடிகளில் மூடி வைத்திருக்கிறேன். சமையல் மேடையில் பத்து நாளாக இருக்கிறது. "ஊறுகாய் மாதிரிதானே, கெடாது" என்கிறார் மாமியார். நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்: ஸ்டூவைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த மூன்று ஜாடிகளையும் குப்பையில் போடுங்கள். திறக்க வேண்டாம், முகர வேண்டாம், "ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்" என்பது வேண்டவே வேண்டாம். மூடியோடு இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, நாயோ குழந்தையோ கிளறாத இடத்தில் போடுங்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே அதைத் தொட்டுச் சாப்பிட்டிருந்தால், இந்த நாட்களில் கண் இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். எண்ணெயில் போட்ட சில்லி சாப்பிட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். மண்ணில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்றொரு கிருமி உண்டு. மண்ணில் விளையும் எதன் மேலும் அதன் வித்துகள் ஒட்டியிருக்கலாம். தோல் கருகும் அளவுக்குச் சுட்டாலும் அவை சாகா. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். நீங்கள் எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றினீர்கள். சில்லியில் இயல்பாகவே புளிப்பு கிடையாது. மேடையில் வைத்து வெதுவெதுப்பும் கொடுத்துவிட்டீர்கள். நிறமோ வாசனையோ மாறாமலே நஞ்சு ஊறியிருக்கலாம். 1977-இல் மிச்சிகன் மாநிலத்தின் போன்டியாக் நகரில், வீட்டுப் பக்குவத்தில் ஜாடியில் அடைத்த ஹாலப்பேனோ மிளகாயை ஓர் உணவகம் பரிமாறியதில் 59 பேர் இந்த நஞ்சு தரும் பாட்டுலிசம் நோயில் விழுந்தார்கள்.

உங்கள் மாமியார் சொல்வது அவருடைய ஊறுகாய்க்குச் சரிதான். மாங்காயிலும் எலுமிச்சையிலும் புளிப்பு இருக்கிறது. அதற்கு மேல் கை நிறைய உப்பு, வெயிலில் காயவைப்பது. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த ஜாடியைக் காக்கின்றன. எண்ணெய் கடைசியில் மேலே போர்த்துகிற போர்வை மட்டும். சுட்ட சில்லிக்குப் போர்வையை மட்டும் போர்த்தினால் உள்ளே இருப்பதைக் காக்க ஆளில்லை.

"அப்படியானால் எலுமிச்சை பிழிந்துவிட்டால்?" என்று அடுத்து எழுதப் போகிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஒரு கேள்விதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். புளிப்புக்கு பி.எச். என்று ஒரு அளவுகோல் உண்டு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கினால்தான் இந்தக் கிருமி அடங்கும். ஒரு மூடி எலுமிச்சையோ, ஒரு கரண்டி வினிகரோ அந்த இடத்துக்குக் கொண்டு போகாது. மேலே இருக்கும் திரவம் புளித்திருக்கும், சதைக்குள் புளிப்பு இறங்கியிருக்காது. 5 சதவீத வினிகரில் முழுக்க முக்கி, பரிசோதித்து வெளியிட்ட குறிப்பை வரி மாறாமல் பின்பற்றி அடைத்தால் ஆபத்தில்லை. ஆனால் அது வினிகர் ஊறுகாய். அதைப் போட்டு ஸ்டூ வைத்தால் ஸ்டூவும் ஊறுகாயாகத்தான் இருக்கும். சரி, வினிகர் இல்லாமல் ஜாடியில் அடைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதற்கென்றே விற்கும் பெரிய பிரஷர் கேனர் வேண்டும். அரை லிட்டர் அளவுள்ள பைன்ட் ஜாடிக்கு 35 நிமிடம். வெயிட் வைத்த கேனர் என்றால் உங்கள் ஊரில் 10 பவுண்டு அழுத்தம் போதும், ஆயிரம் அடிக்கு மேலே உள்ள ஊர் என்றால் 15 பவுண்டு. நம் வீட்டுப் பருப்பு குக்கர்கள் இதற்கு ஆகா. அவையும் 15 பவுண்டு ஏற்றுமே என்பீர்கள். ஏற்றும். ஆனால் அவை சின்னவை, சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடும். பெரிய கேனர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் 35 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். விசில் எண்ணி ஜாடி அடைக்காதீர்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? நியூ மெக்சிகோவில் எந்த வீட்டில் கேட்டாலும் ஃப்ரீசரைத்தான் காட்டுவார்கள். சுட்ட சில்லியைத் தோலோடு ஆறவைத்து, பவுண்டு பவுண்டாகப் பையில் போட்டுத் தட்டையாக அமுக்கி, காற்றை வெளியேற்றி அடுக்குங்கள். பனி விடும்போது தோல் தானாகக் கழன்று வரும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு வருஷம் தாராளமாக இருக்கும். அடுத்த ஆகஸ்ட் வந்துவிடும். ஒன்று மட்டும்: சுட்ட சூட்டோடு பையில் கட்டிக் காரின் டிக்கியில் வைத்துவிட்டு மாலை வரை ஊர் சுற்றாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போய்விட வேண்டும்.

இனி அந்த மூட்டை. ஹேட்ச் என்பது மிளகாய் வகை இல்லை, ஊர். நியூ மெக்சிகோவின் தெற்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். அந்தப் பள்ளத்தாக்கில் விளைவதுதான் ஹேட்ச் சில்லி. லாஸ் குரூசெஸில் இன்று மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கும் அன்றைய விவசாயக் கல்லூரியில், ஃபாபியான் கார்சியா 1894-இல் மிளகாய்களைக் கலந்து வளர்க்கத் தொடங்கினார். 1921-இல் 'நியூ மெக்சிகோ நம்பர் 9' வந்தது. சதை தடித்து, தோல் உரிக்க லேசாக, காரம் குறைந்து, மிளகாய் பழகாதவர்களும் சாப்பிடும்படி இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்றைய நியூ மெக்சிகோ வகைகள் எல்லாம் அதன் வாரிசுகள். '6-4' என்ற வகை சாது. பிக் ஜிம் நடுத்தரம். சான்டியா காரம். பார்க்கர் இன்னும் ஒரு படி மேலே. உங்களுக்குக் காரம் கிடைக்காததற்குக் காரணம் வேறொன்றும் இருக்காது. அந்த வேன்காரர் பெரும்பாலும் 6-4 போன்ற ஒன்றைக் கொடுத்திருப்பார். நீங்களும் வகை கேட்டிருக்க மாட்டீர்கள்.

அது ஹேட்ச்சில் விளைந்ததுதானா என்பது அடுத்த சந்தேகம். நியூ மெக்சிகோவில் 1992-இல் 34,500 ஏக்கரில் சில்லி போட்டார்கள். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஆகஸ்ட் வந்தால் அமெரிக்கா முழுக்க ஒவ்வொரு பார்க்கிங் லாட்டிலும் 'ஹேட்ச்' போர்டு. கணக்கு உதைக்கிறது இல்லையா? எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ நாட்டின் சிவாவா மாநிலத்திலும் இதே வகைகள் விளைகின்றன. அவை மட்டமானவை என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்கும் இடைத்தரகர்தான் என் எரிச்சல். 2011-இல் நியூ மெக்சிகோ சட்டம் போட்டது: இங்கே விளையாததை நியூ மெக்சிகோ சில்லி என்று சொல்லி விற்கக்கூடாது. 2013-இல் ஹேட்ச் போன்ற ஊர்ப் பெயர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. டெக்சஸ் பார்க்கிங் லாட்டில் நிற்கும் வேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் ஒரு தடவை புகைப்படத்தோடு ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்து, "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்று ஒற்றை வரி வந்தது. யாருடைய வரம்பு என்று கேட்டு எழுதினேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. 2023-இல் அதே மாநிலம், சில்லி சுடும் வாசனையை அதிகாரபூர்வ மாநில வாசனையாக அறிவித்தது. வாசனைக்குச் சட்டம் போட நேரம் இருந்தது, மூட்டை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே உங்கள் வாயை நம்புங்கள். எந்தப் பண்ணை, எந்த வகை என்று கேளுங்கள். "ஹேட்ச்தாம்மா, எல்லாம் ஒன்றுதான்" என்கிற மாதிரி பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். பச்சையாகப் பறிக்கும் காலம் ஜூலை கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. மே மாதம் 'புது ஹேட்ச்' விற்பவரிடம் பேச்சே வேண்டாம். மூட்டையைத் தூக்கிப் பாருங்கள், தராசில் வைக்கச் சொல்லுங்கள். சுடும் இரும்பு உருளையில் முன்னவர் மூட்டையின் கருகல் ஒட்டியிருந்தால் தட்டித் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அவர் பார்க்கர் வாங்கிப் போயிருந்தால் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் கண்ணீர்.

கசப்புக்கு வருகிறேன். தோல் மட்டும் கருகிக் கொப்பளிக்க வேண்டும், சதை பச்சையாகவே இருக்க வேண்டும். உருளையை வேகமாகச் சுற்றி அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் சதையையும் கரியாக்கிவிடுகிறார்கள். கைப்பிடி சில்லியை வீட்டிலேயே கேஸ் தீயில், கொத்சுக்குக் கத்திரிக்காய் சுடுவது போல் திருப்பித் திருப்பிச் சுடலாம். வெடிக்காமல் இருக்க முதலில் ஒரு கீறல் போடுங்கள். சுட்டதும் மூடிய பாத்திரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வேர்க்கவிட்டு, கையால் உரியுங்கள். சுட்ட கத்திரிக்காயைக் குழாயடியில் காட்டிக் கழுவிவிட்டு யாராவது கொத்சு வைப்பார்களா? சுட்ட வாசனையும் சாறும் போய்விடாதா? சில்லிக்கும் அதே நியாயம். கை ஈரத்தால் தடவித் துடைத்தால் போதும். அங்கங்கே ஒரு கருப்புப் புள்ளி இருந்தால் குற்றமில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் விதையில் இல்லை, அதைத் தாங்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. காரம் குறைய வேண்டுமானால் அதை வழித்துவிடுங்கள்.

ஸ்டூவில் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு, பச்சை மிளகாய் என்ற பெயரைக் கேட்டதும் அதை மசாலாவாக நினைப்பது. நியூ மெக்சிகோவில் அது காய். நம் ஊரில் உருவத்தில் கிட்டத்தட்ட பஜ்ஜி மிளகாய். கத்திரிக்காய்க் குழம்பில் கத்திரிக்காய் இருக்கிற அளவுக்கு இது இருக்க வேண்டும்.

ஆறு பேருக்கு எலும்போடு கோழித் தொடை 2 பவுண்டு. உப்பு தடவி, கனமான பாத்திரத்தில் சிவக்க வறுத்து எடுத்து வையுங்கள். அதே கொழுப்பில் ஒரு பெரிய வெங்காயம், ஐந்து பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி மைதா. மைதா பச்சை வாசனை போகும் வரை கிளறினால்தான் ஸ்டூ நீர்க்காது. உரித்து நறுக்கிய சில்லி இரண்டு கப். அதில் பாதியை இப்போது, மீதியைக் கடைசிப் பத்து நிமிடத்தில். சிக்கன் பிராத் (கோழி வேகவைத்த சாறு) ஐந்து கப் ஊற்றி, கோழியைத் திரும்பப் போட்டு, சின்னத் தீயில் இருபது நிமிடம். பிறகு ஒரு பவுண்டு உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு இன்னொரு இருபத்தைந்து நிமிடம். இரண்டு துண்டை நசுக்கிக் கலந்தால் இன்னும் கெட்டிப்படும். சீரகம் போடலாமா, தக்காளி போடலாமா என்பதில் அந்த ஊர்க்காரர்களே சண்டை போடுகிறார்கள், நீங்கள் உங்கள் கட்சியைத் தேர்ந்துகொள்ளலாம். கரம் மசாலா, இஞ்சி, கறிவேப்பிலை மூன்றுக்கும் அங்கே வேலை இல்லை.

மட்டன் விரும்புகிறவர்கள் என்றால் கூச்சப்பட வேண்டாம், அது நம் ஊர்த் திணிப்பு ஆகாது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நவாஹோ மக்கள் தலைமுறைகளாக ஆட்டிறைச்சியில் ஸ்டூ வைக்கிறார்கள். சுட்ட மட்டனோடு ஒரு முழுப் பச்சைச் சில்லியை ரொட்டியில் மடித்துச் சாப்பிடுவதும் அவர்கள் வழக்கம். மட்டனுக்கு மட்டும் உங்கள் குக்கரை எடுங்கள். இறைச்சியை அதில் வேகவைத்துக்கொண்டு, சில்லியும் கிழங்கும் திறந்த பாத்திரத்திலேயே சேர வேண்டும்.

ஆகஸ்ட் வரை பொறுக்க முடியாவிட்டால், டின்னில் வரும் நறுக்கிய சில்லியை விடக் கடை ஃப்ரீசரில் கிடைக்கும் சுட்ட சில்லியை வாங்குங்கள். டின் லேபிளில் கால்சியம் குளோரைடு என்று போட்டிருக்கும். அது துண்டு குழையாமல் விறைப்பாக இருக்கச் சேர்ப்பது. நமக்கோ குழைய வேண்டும்.

தொட்டுக்கொள்ள மைதா டோர்ட்டியா, சப்பாத்தி என்றாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை சூடாக்கி, மேலே ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மஞ்சள் கரு வழிய வேண்டும்.