யுஎஸ்டிடி விற்ற பணத்தால் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது: என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆடை வடிவமைப்பு வரைபடங்கள் செய்து தருகிறேன். அவர்கள் கட்டணத்தை யுஎஸ்டிடியாக (டாலர் மதிப்போடு பிணைக்கப்பட்ட கிரிப்டோ) அனுப்புகிறார்கள். அதைச் செயலியில் பி-டு-பி முறையில், அதாவது வாங்குபவருக்கு நேரடியாக விற்று, ரூபாயாக மாற்றிக்கொள்வேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒருவர் சந்தை விலையைவிட யூனிட்டுக்கு நான்கு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 84,000 ரூபாய்க்கு வாங்கினார். இப்போது வேறு மாநில சைபர் குற்றப் பிரிவு கேட்டுக்கொண்டதாகச் சொல்லி வங்கி என் கணக்கை முழுவதும் முடக்கிவிட்டது. உள்ளே 3,12,000 ரூபாய் இருக்கிறது, இஎம்ஐ திரும்பிவிட்டது. 20 விழுக்காடு கொடுத்தால் பத்து நாளில் விடுவித்துத் தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். தற்போதைக்கு அம்மாவின் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். கிரிப்டோ வைத்திருந்ததே குற்றமா? போலீஸிடம் பேசினால் கைது செய்துவிடுவார்களா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கணக்கில் பி-டு-பி பணம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். அடுத்து வருகிற தொகையும் இதேபோல் மோசடிப் பணமாக இருந்தால் முடங்கப்போவது அவருடைய கணக்கு. அதில் ஓய்வூதியம் வந்தாலும் எரிவாயு மானியம் வந்தாலும் எடுக்க முடியாது. முன்பின் அறியாதவர்கள் தனக்கு ஏன் பணம் போட்டார்கள் என்று இன்னொரு மாநிலத்துக் காவல் அதிகாரிக்கு அவர்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். அதோடு, ஒரு கணக்கு முடங்கிய பிறகும் இன்னொருவர் கணக்குக்கு மாறி அதே வியாபாரத்தைத் தொடர்ந்தீர்கள் என்றால், தெரியாமல் சிக்கிக்கொண்டேன் என்ற உங்கள் வாதம் அங்கேயே பலவீனப்பட்டுவிடும்.

கிரிப்டோ வைத்திருப்பது இந்தியாவில் குற்றமல்ல. கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. 2022-இல் வரி வந்தது. 2023 மார்ச்சில் இந்தத் தொழில் நடத்தும் நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவரப்பட்டன. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒருவருக்கு உரிமையான சொத்தாகக் கருதத்தக்கது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அது பணம் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. உங்கள் சிக்கல் பிறந்தது அந்த வேறுபாட்டில்தான்.

உங்கள் வாலட்டில் (கிரிப்டோவை வைத்திருக்கும் டிஜிட்டல் பணப்பை) இருக்கும் யுஎஸ்டிடியைக் கொண்டு வீட்டு வாடகையையோ மின் கட்டணத்தையோ பால்காரர் பாக்கியையோ தீர்க்க முடியாது. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாக அறிவித்து, அரசே வாலட் செயலி கொடுத்து, சேர்ந்தவர்களுக்கெல்லாம் 30 டாலரும் கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலான மக்கள் அன்றாடச் செலவுக்கு டாலரையே பயன்படுத்தினார்கள். 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் அதை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். ஆகவே கிரிப்டோ வைத்திருக்கும் எவரும், அதைச் செலவழிக்க வேண்டுமானால், ரூபாய் கொடுக்கும் இன்னொருவரைத் தேடித்தான் போக வேண்டும். சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருளுக்கு யூனிட்டுக்கு நான்கு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க ஒருவர் ஏன் முன்வருகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். தன்னிடம் உள்ள ரூபாய் இன்னும் சில மணி நேரத்தில் முடக்கப்படும் என்று அறிந்தவருக்கு அந்த நான்கு ரூபாய் ஒரு செலவே அல்ல.

நடப்பது இதுதான். எங்கோ ஒரு முதியவரை ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டியோ, போலிப் பங்குச் சந்தைச் செயலியில் முதலீடு செய்ய வைத்தோ பணத்தைப் பறிக்கிறார்கள். அந்தப் பணம், மாதம் சில ஆயிரத்துக்கு வாடகைக்கு வாங்கிய, யாரோ ஒரு கல்லூரி மாணவரின் கணக்குக்குள் போகிறது. அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகள் தாண்டி, உங்களைப் போன்ற ஒரு விற்பனையாளரின் கணக்குக்கு வருகிறது. நீங்கள் கொடுத்த யுஎஸ்டிடி சில நிமிடங்களில் வெளிநாட்டு வாலட்டுக்குப் போய்விடுகிறது. பறிகொடுத்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் செய்ததும் பணம் போன தடத்தைக் கணக்கு கணக்காகப் பின்தொடர்கிறார்கள். ரூபாய்த் தடம் உங்கள் கணக்கில் வந்து நின்றுவிடுகிறது. குற்றம் செய்தவர் கையில் ரூபாயும் இல்லை, அவர் கணக்கும் இல்லை. கையில் அகப்படுவது நீங்கள் மட்டுமே.

‘வாங்கியவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன்’ என்று பலர் சொல்கிறார்கள். அது அவசியமே, ஆனாலும் போதாது. வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டவரின் ஆதாரையே வைத்துச் செயலியிலும் கணக்கு திறந்திருப்பார்கள். பெயர் வேறாக இருந்தும் நீங்கள் பணத்தை ஏற்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்படியானால் அதை மறைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு, முழுக் கணக்கையும் முடக்கச் சொன்னார்களா அல்லது குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைக்கச் சொன்னார்களா. ‘சைபர் கிரைம் போட்டிருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கவுன்டரில் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பல நேரங்களில், உதாரணமாக 40,000 ரூபாயை மட்டும் பிடித்து வைக்கச் சொல்லியிருக்க, வங்கி தன் பாதுகாப்புக்காக மொத்தக் கணக்கையும் பூட்டியிருப்பது இப்படிக் கேட்கும்போதுதான் வெளியே வருகிறது. சர்ச்சைக்குரிய தொகையைத் தாண்டி முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்கி வைக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. உங்கள் வழக்கில் அதிகபட்சம் 84,000 ரூபாய்தான் கேள்விக்குரியது. மீதி 2,28,000 ரூபாயை விடுவிக்கும்படி வங்கிக்கும் விசாரணை அதிகாரிக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போய் நாட்களை வீணாக்க வேண்டாம். காவல் துறை உத்தரவின்படி வங்கி செய்ததை அவர் விசாரிப்பதில்லை.

விசாரணை அதிகாரிக்கு அனுப்பும் கடிதத்தோடு, செயலியின் ஆர்டர் எண், வாங்கியவரின் பெயர், உரையாடல் பதிவு, யுஎஸ்டிடி உங்களிடமிருந்து போனதைக் காட்டும் பரிவர்த்தனைக் குறியீடு, அந்த நாளைய வங்கிக் கணக்கு அறிக்கை, வெளிநாட்டு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம், நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸ் ஆகியவற்றை இணையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; செயலியிலிருந்து முழு அறிக்கையைத் தரவிறக்குங்கள். செயலி நாளை மூடப்படலாம். இந்தியாவில் பதிவு செய்யாத ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு (கிரிப்டோ வாங்கி விற்கும் தளங்கள்) 2023 டிசம்பரில் நோட்டீஸ் போன சுமார் இரண்டு வாரங்களிலேயே அவற்றின் இணையதளங்கள் முடக்கப்பட்டதை நினைவில் வையுங்கள்.

கைதைப் பற்றிக் கேட்டீர்கள். எந்த வழக்கறிஞரும் அதற்கு உறுதிமொழி தர முடியாது. ஆனால் வந்திருக்கும் நோட்டீஸில் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு என்றால் ஆவணங்களைக் கேட்கிறார்கள்; கொடுத்துவிடுங்கள். 35-ஆம் பிரிவு என்றால் உங்களைச் சந்தேகிக்கிறார்கள். வழக்கறிஞரைக் கலந்து பேசாமல் போகாதீர்கள், போகாமலும் இருந்துவிடாதீர்கள். இந்த 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ‘நோட்டீஸை’ப் பார்த்துப் பதறி யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

அந்த டெலிகிராம் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கணக்கு முடங்கியவர்களைக் குறிவைத்தே இப்போது ஒரு கூட்டம் வேலை செய்கிறது. முன்பணம் வாங்கியதும் மறைந்துவிடுபவர்கள் ஒரு வகை. போலி முத்திரையோடு ‘ஆட்சேபம் இல்லை’ என்ற கடிதத்தைத் தயாரித்துத் தருபவர்கள் இன்னொரு வகை. என்னிடம் வந்த ஒருவர் 60,000 ரூபாய் கொடுத்து அப்படியொரு கடிதம் வாங்கி, அதை நம்பி வங்கியில் சமர்ப்பித்துவிட்டார். கணக்கு முடங்கிய சிக்கலோடு போலி ஆவணம் கொடுத்த குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. வெறும் சாட்சியாக விடப்பட்டிருக்க வேண்டிய மனிதர் அவர். விடுவிக்கும் கடிதத்தை விசாரணை அதிகாரியோ நீதிமன்றமோ வங்கிக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். தரகர் கையில் கொடுத்தனுப்புவதில்லை.

பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிற ஒரு சூழ்நிலை உண்டு. அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தரகர்கள் இதையே காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். சர்ச்சைக்குரிய தொகை மிகச் சிறியது, உதாரணமாக 6,000 ரூபாய். முடங்கியிருப்பதோ மூன்று லட்சம். காவல் நிலையமோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அப்போது அந்த 6,000 ரூபாயைப் புகார்தாரருக்குத் திருப்பித் தர ஆட்சேபம் இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். நான் குற்றத்தில் பங்கேற்கவில்லை, இது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்ற வரி அதில் இருக்க வேண்டும். பணம் உங்கள் கணக்கில் பிடித்து வைக்கப்பட்ட தொகையிலிருந்தே, நீதிமன்ற உத்தரவின் வழியாகவோ விசாரணை அதிகாரியின் எழுத்துக் கடிதத்தின் பேரிலோ போக வேண்டும். யாருடைய யுபிஐ எண்ணுக்கும் போகக் கூடாது, அது காவலருடையது என்று சொன்னாலும் சரி, புகார்தாரருடையது என்று சொன்னாலும் சரி. உங்கள் தொகை 84,000 ரூபாய்; அது நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது. அதை உடனே விட்டுக்கொடுக்கும்படி நான் சொல்லமாட்டேன்.

முப்பது நாட்களில் பதில் வராவிட்டால், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அந்த மாநிலத்துக்கென்று குறிப்பிடப்பட்டுள்ள குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், வழக்கு பதிவான இடத்து மாஜிஸ்திரேட்டிடம் பணத்தை விடுவிக்கக் கோரும் மனு, அல்லது சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சொத்தைக் கைப்பற்றினால் உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே குற்ற நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. நான் பார்த்த பல வழக்குகளில் மாதக்கணக்கில் தெரிவிக்கவில்லை. சிலவற்றில் முதல் தகவல் அறிக்கைகூட இல்லை, இணையதளத்தில் ஏறிய ஒரு புகார் எண் மட்டுமே இருக்கிறது. ஒரு மனிதனின் சம்பளத்தைப் பூட்டும் வேலை நொடியில் முடிகிறது. அதைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லக்கூட ஆளில்லாத நிலையை அரசு இத்தனை ஆண்டுகளாக நீடிக்க விட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரிக்குப் பயந்து ஆவணங்களைக் கொடுக்கத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். யுஎஸ்டிடி கிடைத்த நாளன்று அதற்கு இருந்த ரூபாய் மதிப்பு உங்கள் தொழில் வருமானம். அதற்குச் சாதாரண வரி அடுக்குதான். அதற்கு மேல் விற்றபோது கிடைத்த லாபத்துக்கு, அந்த நான்கு ரூபாய் உட்பட, 30 விழுக்காடும் செஸ்ஸும் உண்டு. கணக்கில் காட்டியிருக்காவிட்டால் ஆடிட்டரைப் பார்த்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இனிமேல் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்பும்படி அந்த நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக்குச் செய்த வேலைக்கான பணம் அங்கீகரிக்கப்பட்ட வங்கி வழியாக வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதிகளின் அடிப்படை. கிரிப்டோவாக வாங்குவதற்கு அதில் இடம் தரப்படவில்லை.

வாலட்டில் இன்னும் யுஎஸ்டிடி மீதி இருந்தால் அதை பி-டு-பி முறையில் விற்காதீர்கள். மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் பொதுச் சந்தையில் விற்று, உங்கள் பெயரிலேயே உள்ள வேறொரு கணக்குக்கு அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவாகத்தான் கிடைக்கும், ஒரு விழுக்காடு வரியையும் பிடித்துக்கொள்வார்கள். பதிவு பெற்றது என்பதற்காக அங்கேயே விட்டும் வைக்காதீர்கள். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டபோது, வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் கிரிப்டோவை எடுக்க முடியாமல் தவித்தார்கள். விற்ற ரசீதையும் வரி பிடித்த சான்றையும் தனிக் கோப்பில் வையுங்கள். விசாரணை அதிகாரி அடுத்த கடிதத்தில் கேட்கப்போவது பெரும்பாலும் அவற்றைத்தான்.